உன் அக்காள் மகனும் துரைமார் ஆங்கிலமும்

கொடைக்கானல்

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். மழைக்காலம் முழுவதும் பதில் எழுதாததற்கு நேரில் திட்டிக்கொள். இப்போது எழுதுவது உன் அக்காள் மகனைப் பற்றி.

விடுதிக்கு வந்திருந்த ஓர் அமெரிக்கத் தம்பதியினர் கோக்கர்ஸ் வாக்கில் சூரிய உதயம் காண விரும்பினர். இவன் மிகுந்த பணிவோடு, "ஐந்து மணிக்கு நானே மேடத்தை நாக் அப் செய்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறான். கணவரின் முகம் கறுத்தது. அந்த அம்மாளுக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. அமெரிக்கர் காதில் அது ஒரு பெண்ணைக் கர்ப்பமாக்குவது என்றே விழும். அதுவும் கொச்சையான பேச்சு. சமையற்கட்டில் விவரம் தெரிந்தது முதல், விருந்தினரிடம் "எஸ் சார்" என்பதற்கு மேல் அவன் வாய் திறப்பதில்லை.

குற்றவாளி யாரென்று உனக்கே தெரியும். குன்னூர்த் துரைமார் பங்களாவில் பட்லராக இருந்த உன் அப்பா, "நாக் மீ அப் அட் ஃபைவ்" என்ற உத்தரவைக் கேட்டே காலம் கழித்தவர். பேரனுக்கும் அதையே ஊட்டியிருக்கிறார். அவர் சொன்னது பிழையே அன்று. கதவைத் தட்டி எழுப்புவது என்னும் பொருள் பிரிட்டனில் பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. ஆலைத் தொழிலாளரின் ஜன்னலை நீண்ட கழியால் தட்டி எழுப்பிக் கூலி வாங்கியவர்களை அங்கே 'நாக்கர் அப்' என்றே அழைத்தார்கள். இருக்கிற பொருள்களைக் கொண்டு அவசரமாகச் சமைப்பதும், டென்னிஸில் ஆட்டத்துக்கு முன் பந்தடித்துப் பழகுவதும்கூட அவர்களுக்கு நாக் அப்தான். அமெரிக்கக் கொச்சைப் பொருளோ 1813 முதலே பதிவாகியிருக்கிறது. உங்கள் மலையை வளர்த்தவர்கள் ஆங்கிலேயர். எங்கள் மலையில் 1845இல் பங்களா கட்டிக் குடியேறியவர்கள் மதுரையின் அமெரிக்க மிஷனரிமார். பையன் ஒரு மலையின் ஆங்கிலத்தை இன்னொரு மலையில் பேசிவிட்டான், அவ்வளவே.

ஆளை வைத்துத்தான் பொருள் என்பதால், 'வேக் அப்' என்றே சொல், எந்த நாட்டவருக்கும் அது விளங்கும் என்றேன், தலையாட்டினான், பேசவில்லை. எனக்கு இதுதான் கவலை. துணிந்து ஆங்கிலம் பேசுகிறவன் இங்கே அவன் ஒருவன்தான். சமையற்கட்டில் கேலி செய்கிறவர்களுக்கு நான்கு வார்த்தை சேர்த்துப் பேச வராது. கூசிக் கூசி மௌனமாகிவிட்டால், அடுத்த சீசனில் அவனைத் துணி துவைக்கும் பக்கம் தள்ளிவிடுவார்கள்.

தீபாவளிக்கு அவனை அங்கே அனுப்புகிறேன். நீ பேசு, நான் சொன்னால் ஆறுதல் என்று நினைக்கிறான். உன் அப்பாவிடம் மட்டும் நடந்ததைச் சொல்லிவிடாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்