தள்ளுபடி விலையும், முதல் ஓசை எழும்வரை ஆகும் செலவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி நெருங்கும் இந்நாட்களில் தங்கள் நாளிதழைப் புரட்டினால், செய்திகளைவிடத் தள்ளுபடி விளம்பரங்களே கண்ணில் அதிகம் படுகின்றன. புடவைக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் தரப்படும் கழிவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. ஆனால், இருபது ஆண்டுகளுக்கு மேல் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்துவிட்டு, இப்போது வீட்டு மாடியறையில் சிறிய ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றை நடத்தி வருபவன் என்ற முறையில், ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் முதலான ஒலிக்கருவிகளையும், கணினிக்குள்ளிருந்தே வயலினையும் வீணையையும் பியானோவையும் ஒலிக்கச் செய்யும் மென்பொருள்களையும் மலிவாக வாங்குவதில் உள்ள நெளிவுசுளிவுகளைத் தங்கள் வாசகர்களிடம் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். கடிதத்தின் முடிவில் தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு.

விலைச்சீட்டில் அச்சாகியிருக்கும் தொகை வேறு. அந்தப் பொருள் நம் வீட்டில் முதல் ஓசையை எழுப்பும்வரை நம் கையைவிட்டுப் போகும் தொகை வேறு. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் சென்னை ரிச்சி தெருவில், ஜப்பானிலிருந்து வந்த பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று ஏழாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தது. முன்முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. பேரம் பேசியதில் ஐந்நூறு ரூபாய் குறைத்தும் கொடுத்தார்கள். ஊருக்குக் கொண்டுவந்து மின்சாரத்தில் செருகிய சில நொடிகளில் புகை வந்தது. பின்புறத் தகட்டில் ‘100 வோல்ட்’ என்று பொடி எழுத்தில் இருந்ததை நான் படிக்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230 வோல்ட். காயில் கட்டுகிறவரிடம் கொடுத்து டிரான்ஸ்ஃபார்மரை மறுபடி சுற்றி, உடன் எரிந்த பாகங்களை மாற்றி, மின்னழுத்தத்தைக் குறைக்கும் பெட்டி ஒன்றும் தனியே வாங்கியபோது, நான் கொடுத்த விலைக்கு மேல் இன்னொரு விலை ஆகிவிட்டிருந்தது. பழைய பொருள் வாங்க நினைப்பவர்கள் முன்முகத்தைப் பார்க்கும் முன் பின்புறத் தகட்டைப் பார்ப்பது நல்லது.

பழைய ஒலிக்கருவிகளில் எது குறை, எது குறையே அல்ல என்பதைப் பிரித்தறிந்தால் உண்மையிலேயே மலிவாக வாங்கலாம். வால்யூம் திருகைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வந்தால் பலர் கருவியே பழுது என்று எண்ணி விலகிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது உள்ளே படிந்த தூசிதான்; சுத்தம் செய்யும் திரவத்தைச் சிறிது தெளித்தால் போய்விடும். வாங்குகிறவனுக்கு அந்தக் கரகரப்பைப்போல் நல்ல நண்பன் இல்லை. மாறாக, வால்யூமை முழுவதும் குறைத்த பிறகும் அடித்தொண்டையில் ஒரு முனகல் கேட்டுக்கொண்டே இருந்தால், மின்வழங்கிப் பகுதியில் உள்ள கெப்பாசிட்டர் என்னும் பாகங்கள் உலர்ந்திருக்க வாய்ப்புண்டு. அதை மாற்றும் செலவை விலையில் கழித்தே பேச வேண்டும். ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு நுரைப் பொருளால் ஆனதா, ரப்பரால் ஆனதா என்று விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். பதினைந்து, இருபது ஆண்டுகளில் நுரை விளிம்பு பிசுபிசுத்து, பிறகு பொடியாக உதிர்ந்துவிடும். நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இன்னும் விரைவில். ரப்பர் விளிம்பு நெடுங்காலம் உழைக்கும். கடையில் ஆம்ப்ளிஃபயர் இல்லையென்றாலும், சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கரின் இரு முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுத்தால், உயிருள்ள ஸ்பீக்கர் ‘டப்’பென்று சொல்லிவிடும்.

புதுப் பொருளில் ஏமாற்று வேறு வகையானது. பெட்டியின்மீது ‘5000 வாட்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் அடித்து, ஓரத்தில் ‘பி.எம்.பி.ஓ.’ என்று சிறிதாகப் போடுவார்கள். எல்லாரும் ஏற்ற அளவுமுறை எதுவும் இந்தப் பி.எம்.பி.ஓ.வுக்குக் கிடையாது, கண நேரத்தில் எட்டக்கூடியதாகச் சொல்லப்படும் உச்சத்தை, அவரவர் விருப்பப்படி பெருக்கி எழுதுகிற எண் அது. தொடர்ந்து தரக்கூடிய திறனைச் சொல்வது ஆர்.எம்.எஸ். என்று குறிக்கப்படும் அளவுதான். அதைப் பெட்டியில் போடாதவர்களின் குட்டை உடைக்க எளிய வழி உண்டு. உடன் தரப்படும் அடாப்டரில் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால், இரண்டையும் பெருக்கிவரும் 24 வாட்ஸுக்கு மேல் அந்த ஸ்பீக்கர் தொடர்ந்து தர இயலாது. உள்ளே போகாதது வெளியே வராது. வீட்டு ஆம்ப்ளிஃபயரின் திறனை எப்படி அளந்து விளம்பரம் செய்ய வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1974-லேயே விதி வகுத்தது. 2024-இல் அதைத் திருத்தி இறுக்கியும் விட்டது. நாமோ இன்னும் பூஜ்யங்களை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

நம் வீட்டு அறைகளுக்கு அவ்வளவு திறன் தேவையும் இல்லை. பத்தடி நீளமுள்ள சிமெண்ட் சுவர் அறையில், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலி தேங்கி நின்று மற்ற ஓசைகளை விழுங்கும். அங்கே அந்தத் தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள பெரிய வூஃபரைக் கொண்டுவந்து வைப்பது, அடைத்த சாக்கடையில் இன்னும் தண்ணீர் விடுவதைப் போன்றது. நடுத்தர ஸ்பீக்கர் இரண்டைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, மூலையில் ஒரு பஞ்சு மெத்தையையும் எதிரே புத்தக அலமாரியையும் நிறுத்தினால், கூடுதல் செலவின்றியே பாட்டு தெளிவாகக் கேட்கும்.

ஒலிப்பதிவு செய்கிறவர்கள் மைக்கையும் கணினியையும் இணைக்க வாங்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. ஒரு காலத்தில் லட்ச ரூபாய்க்கு விற்ற ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு வகைக் கருவிகள் இன்று எட்டாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் வருகின்றன. கருவியில் குறை இல்லை. அதைப் பேசவைக்கும் டிரைவர் மென்பொருளைப் பல நிறுவனங்கள் கைவிட்டுவிட்டன. ஆப்பிள் நிறுவனமும் 2025-இல் தன் கணினிகளுக்காக வெளியிட்ட மேக் ஓ.எஸ். 26 இயங்குதளத்தில் ஃபயர்வயர் ஆதரவையே நீக்கிவிட்டது. பழைய கணினி ஒன்றையும் அதற்கென்றே காப்பாற்றி வைத்திருப்பவருக்கு அது இன்றும் அருமையான கொள்முதல்; மற்றவர்களுக்கு அது காகிதம் பறக்காமல் வைக்கும் அழகிய பாரம். தனி டிரைவர் கேட்காத யு.எஸ்.பி. கருவியாகப் பார்த்து வாங்கினால், செகண்ட்ஹேண்டு ஆனாலும் அஞ்ச வேண்டியதில்லை.

இனி மென்பொருளுக்கு வருகிறேன். ஜெர்மனியின் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1996-இல், ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் வேறு ஒலி மென்பொருள்களையும் செருகிப் பயன்படுத்த உதவும் வி.எஸ்.டி. என்ற ஏற்பாட்டை அறிமுகப்படுத்தி, 1999-இல் அதில் இசைக்கருவிகளையும் சேர்த்தது. அதன் பிறகு, எங்களைப் போன்றவர்கள் கீபோர்டு கடைக்குப் போவது குறைந்து, இரவு பத்து மணிக்கு மேல் இணையத்தில் தள்ளுபடி தேடுவது கூடிப்போயிற்று. 249 டாலர் என்ற எண்ணை அடித்துவிட்டு 29 டாலர் என்று போட்டு, பக்கத்திலேயே மணித்துளிகள் குறையும் கடிகாரத்தையும் ஓடவிடுவார்கள். அந்தக் கடிகாரம் நள்ளிரவில் நின்று, மறுநாள் காலையில் வேறொரு பெயரில் மறுபடி ஓடத் தொடங்குவதைக் கண்டிருக்கிறேன். ஆண்டு முழுவதும் 29 டாலருக்குக் கிடைப்பதன் விலை 29 டாலர்தான். 249 என்பது வெறும் அலங்காரம். இதற்கு மாறாக, வல்ஹல்லா டி.எஸ்.பி. போன்ற சிறு நிறுவனங்கள், இப்படிச் செருகும் மென்பொருளான பிளக்-இன்களுள் விலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொன்றையும் 50 டாலர் என்ற ஒரே விலைக்கு, தள்ளுபடித் திருவிழா எதுவுமின்றி விற்றுவருகின்றன. எனக்கு அந்த வியாபாரத்தின்மேல்தான் மரியாதை. போலி அவசரத்தை உண்டாக்கி விற்பது முறையற்றது என்று நம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், தடைசெய்யப்பட்ட பதின்மூன்று தந்திரங்களுள் ஒன்றாகவே குறிப்பிடுகின்றன. தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணில் முறையிடலாம் என்பது எத்தனை வாசகர்களுக்குத் தெரியும்?

திரையில் தெரியும் டாலர் விலை கடைசி விலையும் அல்ல. 100 டாலர் மென்பொருளுக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 118 ஆகும். அந்நியச் செலாவணிக்கென வங்கி அட்டையில் 3.5 விழுக்காடு பிடித்தால் இன்னும் 4 டாலர் 13 சென்ட். அந்தக் கட்டணத்துக்கும் 18 விழுக்காடு வரி உண்டு. கூட்டிப் பார்த்தால் 123 டாலரைத் தொடுகிறது. அதன்பிறகும் செலவு நிற்காது. கான்டாக்ட் என்ற மென்பொருளில் இயங்கும், லைப்ரரி எனப்படும் வாத்திய ஓசைத் தொகுப்புகளுள் பல, அதன் இலவசப் பிளேயரில் பதினைந்து நிமிடம் மட்டுமே ஒலித்துவிட்டு அடங்கிவிடும். கான்டாக்டின் முழுப் பதிப்பு இருந்தால்தான் தொடர்ந்து வேலை செய்யும். இருபது டாலருக்கு ஒரு நாகஸ்வர லைப்ரரி வாங்கியதாக மகிழ்ந்த மாணவர் ஒருவர், அதை ஒலிக்கச் செய்ய அதைப்போலப் பல மடங்கு விலையுள்ள மென்பொருள் தேவை என்று அறிந்து என்னிடம் வந்து நின்றார். பெரிய வாத்தியக்குழு லைப்ரரி என்றால் அதற்கென்றே தனி எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் வாங்க வேண்டிவரும்.

செகண்ட்ஹேண்டு மென்பொருளில் நானே ஒருமுறை அடிபட்டேன். முகம் தெரியாத ஒருவரிடம் பாதி விலைக்கு லைசென்ஸ் எண் வாங்கினேன்; அது ஏற்கெனவே அவர் பெயரில் பதிவாகியிருந்தது; பெயர் மாற்றித் தர எங்கள் விதியில் இடமில்லை என்று தயாரித்த நிறுவனம் இரண்டு வரியில் பதில் அனுப்பிவிட்டது. ஸ்பீக்கரை நாம் விற்கலாம், தானம் செய்யலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். காசு கொடுத்து வாங்கிய மென்பொருளை அப்படிச் செய்ய முடியுமா என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. சில நிறுவனங்கள் இலவசமாக மாற்றித் தருகின்றன, சில கட்டணம் கேட்கின்றன, சில மறுத்துவிடுகின்றன. நிரந்தரமாக வாங்கும் முறையே நிலைக்கும் என்றும் சொல்வதற்கில்லை. 2023 மார்ச்சில், பிளக்-இன்கள் தயாரிக்கும் வேவ்ஸ் நிறுவனம் இனி சந்தா மட்டுமே என்று திடீரென அறிவித்து, வாடிக்கையாளர்களின் எதிர்ப்புக்குப் பின் சில நாட்களிலேயே பின்வாங்கிய கதை எங்கள் தொழிலில் எல்லாருக்கும் நினைவிருக்கும்.

கணினிக் கடைகளில் ஹார்டு டிஸ்க் நிறைய ‘கிராக்’ செய்து, அதாவது பூட்டை உடைத்து, தரப்படும் மென்பொருள் தொகுப்பைப் பற்றி ஒரு சொல். அது திருட்டு என்பது தெரிந்தே பயன்படுத்தினால், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி சிறைக்கும் அபராதத்துக்கும் இடமுண்டு. அதற்கு அவசியமும் இல்லை. மின்னணு முறையில் ஓசையை உருவாக்கும் சர்ஜ், வைட்டல் ஆகிய சின்தசைசர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எண்பதுகளில் உலகத்தையே ஆட்டிவைத்த யமஹா டி.எக்ஸ்.7 சின்தசைசரின் ஓசையை டெக்ஸ்ட் (Dexed) என்ற இலவச மென்பொருள் அப்படியே எழுப்புகிறது. ஸ்பிட்ஃபயர் நிறுவனம் பி.பி.சி. சிம்பொனி வாத்தியக்குழு லைப்ரரியின் ‘டிஸ்கவர்’ பதிப்பை, ஏறத்தாழ 200 எம்.பி. அளவில், பணம் வாங்காமல் தருகிறது. ஒலிப்பதிவு செய்ய ரீப்பர் என்ற மென்பொருளை அறுபது நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, சிறு வருமானக்காரர்கள் 60 டாலருக்கு லைசென்ஸ் பெறலாம். தொடங்குகிறவர்களுக்கு முதல் ஆண்டு இவை போதும் என்பது என் துணிபு.

நம் வாத்தியங்களைப் பொறுத்தவரை எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கணினி வீணை ஒவ்வொரு சுரத்தையும் அழகாகத்தான் மீட்டுகிறது. தோடி ராகத்தின் காந்தார சுரத்தை அசைக்கச் சொன்னால் விழிக்கிறது. தவில் லைப்ரரி வாங்கிய பத்துப் பேரின் பக்திப் பாடல்களிலும் ஒரே கோர்வை ஒரே இடத்தில் விழுகிறது. அந்த லைப்ரரிக்குக் கொடுக்கும் தொகையை எங்கள் ஊர்த் தவில் கலைஞர் ஒருவருக்குக் கொடுத்து ஒரு மணி நேரம் வாசிக்கச் சொன்னால், வேறு யாரிடமும் இல்லாத ஒலி என் கணினியில் சேர்கிறது. இதைவிட மலிவான கொள்முதல் ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை.

இனி என் வேண்டுகோள். கடந்த வாரம் தங்கள் நாளிதழின் மூன்றாம் பக்கத்தில் ‘8000 வாட்ஸ்’ ஸ்பீக்கர் ஒன்று அரை விலைக்கு விளம்பரமாகியிருந்தது. கடைக்கு நேரில் சென்று அதன் அடாப்டரைக் கையில் எடுத்துப் படித்தேன். 15 வோல்ட், 3 ஆம்பியர் என்று இருந்தது. ஒலிக்கருவி விளம்பரங்களில் ஆர்.எம்.எஸ். அளவு இல்லாவிட்டால் ஏற்பதில்லை என்று தங்கள் விளம்பரப் பிரிவு முடிவெடுக்குமானால், அடுத்த தீபாவளிக்கு அந்த 8000 இருந்த இடத்தில் 45-க்கு மேற்படாத ஓர் எண் அச்சாகும். அதைப் பார்த்துவிட்டு வாங்குவதா வேண்டாமா என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்வார்கள்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டகால வாசகன்,
பாளையங்கோட்டை.