ராத்திரி சாப்பாடு

அன்புள்ள கண்ணு,

விடிகாலை நாலு மணிக்கே பசி எழுப்பிவிடுகிறது என்று சித்தியிடம் சொன்னாயாம். ஞாயிற்றுக்கிழமை என்னிடம் அரை மணி நேரம் பேசினாய். ஏற்காட்டில் மழையா, ஊறுகாய் ஊறியதா என்றெல்லாம் கேட்டாய், இதை மட்டும் சொல்லவில்லை. சரி, போகட்டும்.

ராத்திரி முழுக்க வயிறு காலியாகக் கிடந்தாலும் எழுந்ததும் பெரிதாகப் பசிக்காது. உடம்பின் கடிகாரம் காலையில் பசியை அடக்கி வைக்கும், சாயங்காலத்துக்கு மேல்தான் ஏற்றும். ஆஸ்பத்திரி வார்டில் இத்தனை காலம் வேலை பார்த்தவள் என்பதால் கேட்கிறேன், ராத்திரி என்னதான் சாப்பிடுகிறாய்? நேரம் கழித்து வந்து வெறும் ரசம் சாதம் என்றால், சர்க்கரை சட்டென்று ஏறி, இன்சுலின் கூடுதலாகச் சுரந்து அதை இறக்கிவிடும். அப்போது பசிக்கத்தான் செய்யும். கூட ஒரு முட்டையோ சுண்டலோ வைத்துக்கொள். தூக்கம் குறைந்தாலும் இதே கதைதான்: பசியைக் கிளப்பும் கிரெலின் கூடும், போதும் என்று சொல்லும் லெப்டின் குறையும். நைட் டியூட்டி பார்த்த நாளெல்லாம் விடிந்ததும் நான் எத்தனை இட்லி தின்றேன் என்று அப்பாவைக் கேள். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும் சிலருக்கு இப்படிப் பசிக்கும். வீசிங்குக்குத் தந்த ஸ்டீராய்டு மாத்திரை இன்னும் ஓடுகிறதா? அதுவும் பசியைத் தூண்டும். டாக்டரைக் கேட்காமல் நீயாக நிறுத்திவிடாதே.

தாகம் அதிகமா? ராத்திரி அடிக்கடி பாத்ரூம் போகிறாயா? சர்க்கரை நோயில் பெரியப்பாவின் கால் என்ன ஆனது என்று நீயே பார்த்திருக்கிறாய். எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்து, சர்க்கரை பார்க்க ரத்தம் கொடு. 100-க்குக் கீழே என்றால் கவலையில்லை, 126-ஐத் தொட்டால் இன்னொரு முறை பார்க்கச் சொல்வார்கள். உன் வயதில் எதற்கு என்று சிரிக்காதே.

நீ டீம் லீடர் ஆனதை அப்பா செவ்வாப்பேட்டை முழுக்கச் சொல்லிவிட்டார். வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குப் பொடி வைக்கிற பையன்கள் வரைக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெரிய வேலைக்காரிக்கு நேரத்துக்குச் சாப்பிடத் தெரியவில்லை.

இந்த மாதமும் ஒன்றாம் தேதியே பணம் வந்துவிட்டது. போன மாதத்தைவிட 2000 கூட. சம்பளம் ஏறியதாக நீ சொல்லவில்லையே. ஹாஸ்டலில் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தனியாகக் கட்ட வேண்டும் என்று முன்பு சொன்னாய். கட்டுகிறாய் இல்லையா? முட்டை, சுண்டல் என்று நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகிறேன்.

தம்பி ஃபீஸை நினைத்து நீ எதையும் குறைக்க வேண்டாம். ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுத அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள், போகிறேன் என்கிறார். அந்த 2000-ஐத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இன்றைக்கே ஹாஸ்டலில் கட்டிவிடு. ராத்திரி சாப்பிடு, முட்டையோடு.

அம்மா