அண்ணாவுக்கு: ஹிமாலயன் எடுக்கவில்லை

அன்புள்ள அண்ணா,

புது மோட்டார் சைக்கிள் எடுத்தாச்சு. நீங்கள் எடுக்கச் சொன்ன ரோயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் இல்லை. யமஹா எஃப்செட், 149 சிசி. நீங்கள் விட்டுப் போன பழைய ஹொண்டா பென்லியையும் கொடுத்துவிட்டேன்.

இரண்டையும் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயெடுக்கும் நேரம் பார்த்து நீங்கள் அலுமினியப் பெட்டிகளின் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தீர்கள். இந்தப் பெட்டி ஹிமாலயனுக்குப் பொருந்தும், இந்த விளக்கு நல்லது என்று குரல் பதிவு வேறு. அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் சொல்ல மனம் வரவில்லை.

எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். நான் பைக் எடுத்த கதை உங்களிடம் வருவதற்கு முன்பே நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி வந்துவிட்டது. ஒரு ரீச்சருக்கு ஸ்கூட்டி போதாதா என்று கேட்டவர்களும் இதை வாசிக்கட்டும். அவர்கள் வாசிப்பார்கள் என்பதால் சில இடங்களில் அடக்கித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அந்த இடங்கள் உங்களுக்கு விளங்கும்.

பென்லியைக் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கொடுத்தது சரி என்றும் நினைக்கிறேன். இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது என்று சொல்லாதீர்கள், இருக்கிறது. கார்பரேட்டருக்கு ஒரு சின்னச் சாமான் தேடி நம் மெக்கானிக் பாஸ் அநுராதபுரம், குருநாகல் என்று தெரிந்த கராஜ்களுக்கெல்லாம் போன் போட்டார். கடைசியில் ஓடாமல் கிடந்த இன்னொரு பென்லியில் இருந்து கழற்றிப் போட்டார். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதில் இருந்து, 2025 பெப்ரவரியில் திரும்பத் திறக்கும் வரை, வேறு வழி இல்லாமல் அதை இழுத்து இழுத்து ஓடினேன். இறக்குமதி திறந்த பிறகும் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்த நாட்கள் உண்டு. இப்போது பென்லியை பாஸின் மருமகன் எடுத்திருக்கிறான். ரவுனுக்குள் மட்டும் ஓடுவான். டாங்கியைத் திரும்பப் பெயின்ற் அடிக்கப் போவதாகச் சொன்னான், நிறத்தை மாற்ற வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன்.

இதை எழுதும்போது, திருகோணமலையில் இருந்து கொழும்பு போகிற வழியில் உள்ள ஹபரணைச் சந்திதான் கண்ணுக்குள் நிற்கிறது. நீங்கள் கனடாவுக்குப் போன நாள். அம்மாவும் அப்பாவும் பெட்டிகளும் வான் வண்டியில். நீங்கள் மட்டும் ஹபரணை வரைக்கும் பைக்கில்தான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தீர்கள், பின்னால் நான். சந்தியில் இறங்கித் திறப்பை என் கையில் வைத்துவிட்டு வானில் ஏறினீர்கள். மார்கழி மழை. எனக்கு லைசென்ஸ் கிடைத்து அதிக நாள் ஆகவில்லை. அம்மா வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, "அவள் போவாள்" என்றீர்கள். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை வருடம் ரோட்டில் நின்றேன்.

அந்த நாளின் மிச்சத்தை உங்களுக்கு நான் சொன்னதில்லை. "பத்திரமாக வந்துவிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். கல்ஓயாவைத் தாண்டியதும் பைக் இழுவை விட்டுவிட்டது. சத்தம் மாறி, மூன்றாம் கியரில் கூட ஏறவில்லை. ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். வலது பக்க சைலன்சரில் விழுந்த மழைத்துளி சுர்ரென்று ஆவியாகிப் போனது. இடது பக்கத்தில் விழுந்தது அப்படியே வழிந்து ஓடியது. கை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்து கிடந்தது. இடது சிலிண்டர் எரியவில்லை. பிளக் கப்புக்குள் தண்ணீர் போயிருக்க வேண்டும் என்று விளங்கியது, நீங்கள் காட்டித் தந்ததுதான். கழற்றித் துடைக்க உலர்ந்த துணி ஒன்றும் இல்லை, உடுப்பு முழுக்க நனைந்திருந்தது.

இருட்டத் தொடங்கியிருந்தது. இரண்டு பக்கமும் காடு. கொஞ்சத் தூரத்தில் ரோட்டோரமாக ஒரு யானை நின்றது. முதலில் பற்றை என்றுதான் நினைத்தேன், பிறகு அது காதை அசைத்தது. எஞ்சினை நிறுத்தவும் பயம், முறுக்கவும் பயம். அப்போது பின்னால் ஒரு லொறி வந்து என் பக்கத்தில் மெதுவாகி நின்றது. றைவர் கண்ணாடியை இறக்கி, "நங்கி, பிட்டிபஸ்ஸென் என்ன" என்றார். தங்கச்சி, பின்னாலேயே வா என்று சிங்களத்தில் சொன்னார். லொறி யானைக்கும் எனக்கும் நடுவில் போக, மறுபக்கத்தில் ஒட்டிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகும் அவர் வேகம் எடுக்கவில்லை. ஒரு சிலிண்டரில் நான் எவ்வளவு போவேனோ அவ்வளவுதான் அவரும் போனார். அக்போபுர தாண்டி, கந்தளாய் வரும் வரை அவருடைய சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு போனேன். கந்தளாயில் ஒரு தேத்தண்ணிக் கடையில் துணி வாங்கித் துடைத்துப் போட்டதும் இரண்டு பக்கமும் எரிந்தது. திரும்பிப் பார்த்தால் லொறி போயிருந்தது. பெயர் கூடக் கேட்கவில்லை.

நீங்கள் அப்போது விமான நிலையத்தில் வரிசையில் நின்றிருப்பீர்கள். எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, அன்றைக்கு முழுக்க இருந்தது.

சரி, எஃப்செட்டுக்கு வருகிறேன்.

ஹிமாலயன் நல்ல வண்டி, அதில் எனக்கு மறுப்பில்லை. நீங்கள் சொன்ன 411 சிசி வண்டி 199 கிலோ. எஃப்செட் 135 கிலோ சொச்சம். மழையில் சேற்றுக் கரையில் சரிந்தால் யார் தூக்குவது? நான் பள்ளிக்கூடம் போய் வருகிற மூதூர் ரோட்டில் பின்னேரம் எப்போதும் ஆள் இருக்காது. 135 கிலோவை நான் தனியாக நிமிர்த்துவேன், கடையிலேயே சரித்து நிமிர்த்திப் பார்த்துவிட்டுத்தான் காசு கட்டினேன். கடைக்காரப் பொடியன் பயந்து ஓடி வந்தான்.

அடுத்தது ரிம். ஹிமாலயனுக்குக் கம்பி ரிம், உள்ளே ரியூப். கல்லிலும் மலையிலும் போகிறவர்களுக்கு அதுதான் நல்லது, அடி வாங்கினால் வளையும், உடையாது. ஆனால் நம் வீடு திருகோணமலை உப்புவெளியில், கடலில் இருந்து எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். பென்லியின் கம்பிகள் ரிம்மில் போய்ச் சேருகிற அந்த நிப்பிளுக்குப் பக்கத்தில் முதலில் ஒரு செம்மஞ்சள் புள்ளி வரும். துடைப்பேன், அடுத்த கிழமை திரும்ப வரும். எண்ணெய் பூசினால் மண் ஒட்டும். எஃப்செட்டுக்கு அலோய் ரிம், ரியூப் இல்லாத ரயர். ஆணி ஏறினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும், கிண்ணியா வரைக்கும் போய்ச் சேரலாம். ரியூப் ரயரில் ஆணி ஏறினால் அந்த இடத்திலேயே சில்லைக் கழற்ற வேண்டும்.

ஒரு விஷயத்தில் பென்லியை அடிக்க ஆளில்லை. செயினுக்கு முழு மூடி. மழையும் மணலும் உள்ளே போகாது. இப்போது வருகிற பைக்குகளில் செயின் திறந்து கிடக்கிறது, பார்க்க அழகு என்று நினைக்கிறார்கள் போல. இனி மழைக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் மண்ணெண்ணெயும் பழைய பல் தூரிகையும் எண்ணெயும்தான். கிக்கரும் இல்லை. பற்றரி இறங்கினால் தள்ளித்தான் ஸ்ராட் எடுக்க வேண்டும். இதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் பிறகு நீங்களே கண்டுபிடித்துக் கேட்பீர்கள்.

தண்ணீரில் போக உயரம் வேண்டும் என்று சொன்னீர்கள். ஹிமாலயனுக்கு நிலத்தில் இருந்து 220 மில்லிமீற்றர், எஃப்செட்டுக்கு 165. உண்மைதான். ஆனால் ரோட்டைக் குறுக்கறுத்துத் தண்ணீர் ஓடினால் எந்த பைக்கில் வந்தாலும் நான் நின்றுவிடுவேன். ஓடுகிற தண்ணீர் சில்லைத்தான் முதலில் தள்ளும், எஞ்சின் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அது பார்க்காது.

அண்ணா, ரொறன்ரோவில் நீங்கள் நவம்பரில் பைக்கைக் கழுவி, பற்றரியைக் கழற்றி, போர்வை போட்டு மூடுகிறீர்கள். ஏப்ரலில் எடுக்கிறீர்கள். நீங்கள் மூடி வைக்கிற அதே நவம்பரில்தான் எனக்கு இங்கே வாடை மழை உக்கிரமாகிறது. ஜூன், ஜூலையில் கச்சான் காற்று, ஹெல்மெட்டுக்குள் அடுப்பு வாய் மாதிரி இருக்கும். எனக்கு மூடி வைக்க மாதம் இல்லை. போக வர ஏறக்குறைய 70 கிலோமீற்றர், பள்ளிக்கூடம் இருக்கிற ஒவ்வொரு நாளும். வெயில் நாளில் மட்டும் ஓடுகிற ஒருவர் இங்கே பன்னிரண்டு மாதமும் ஓடுகிற எனக்கு வண்டி தெரிவு செய்து தரும்போது, எனக்குள் ஏதோ ஒன்று சுருக்கென்று ஏறுகிறது. அன்பாகத்தான் சொல்கிறீர்கள் என்று தெரியும். தெரிந்தும் ஏறுகிறது.

இங்கே மழைக்காலத்தில் ரோட்டில் என்ன இருக்கும் என்று மறந்திருப்பீர்கள். வயல் விதைத்ததும் மாடுகளுக்குப் போக இடமில்லை, தம்பலகாமத்தில் இருந்து கந்தளாய் வரை இரவில் தார் ரோட்டில்தான் படுத்திருக்கும். கறுத்த மாடு, கறுத்த ரோடு, மழை. பென்லியின் மஞ்சள் விளக்கில் மாட்டின் கண் மட்டும்தான் முதலில் தெரியும், அதுவும் மாடு திரும்பிப் பார்த்தால். புது வண்டியின் எல்ஈடி விளக்குக்காகவே நான் அந்தக் காசைக் கொடுத்திருப்பேன். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்து ரோட்டோரமெல்லாம் நெல் காயும். நெல்லின் மேல் பிறேக் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? முன் சில்லு பூட்டினால் சரிதான், ஆள் நிலத்தில். இதில் முன் சில்லுக்கு, பூட்டாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ் இருக்கிறது. பின் சில்லுக்கு இல்லை, பின்னுக்கு வழுக்கினால் நான் பிடித்துக்கொள்வேன்.

2022ஐயும் மறக்க முடியவில்லை. பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் முறையில் பங்கிட்டுக் கொடுக்கத் தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். பென்லியில் அது இரண்டு நாள் மூதூர் போய் வரக் காணும், மற்ற நாட்களில் பஸ், இல்லாவிட்டால் யாராவது ஒருவரின் பின் சீற். அப்படி ஒரு காலம் திரும்ப வந்தால் லீற்றருக்கு 45 கிலோமீற்றர் அளவில் ஓடுகிற வண்டிதான் என்னை வேலைக்குக் கொண்டு போகும். 13 லீற்றர் டாங்கி, நிரப்பினால் கொழும்பு போய்த் திரும்பி வரலாம்.

தூரப் பயணத்தை நான் விட்டுவிட்டதாக நினைக்காதீர்கள். பின்னால் கரியர் போட்டு ஒரு பெட்டி பூட்டியிருக்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை அதற்குள் பிள்ளைகளின் கொப்பிகளும் மழைக்கோட்டும். லீவு விட்டதும் அதே பெட்டியில் இரண்டு உடுப்பு, செயின் எண்ணெய், பம்ப். வெருகல் வழியாக மட்டக்களப்புக்குப் போவேன். அந்த ஏ15 ரோட்டில் முன்பு துறைக்குத் துறை "பாதை" என்கிற மிதவையில் வண்டியை ஏற்றி இறக்க வேண்டும் என்று அப்பா சொல்வாரே, 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்ததோடு அந்தக் கதை மாறத் தொடங்கியது. அந்தப் பாலத்தில் காலையில் போகும்போது பக்கக் காற்று நன்றாகத் தள்ளும். பாரம் கூடின வண்டி என்றால் அசையாது என்பீர்கள். அசைந்தாலும் பரவாயில்லை, எனக்கு அது பழக்கம்.

இனி, அடக்கி எழுத வேண்டிய இடம். எனக்கு வந்த அந்தக் கலியாணப் பேச்சு. ஊரையும் பெயரையும் எழுத மாட்டேன், அவர்கள் நல்லாயிருக்கட்டும். பைக் ஓடுவதை நிறுத்த வேண்டும் என்று அவர்கள் கேட்டது எனக்கு அதிர்ச்சி இல்லை. அப்படிக் கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் போனில், "விட்டுக் கொடுத்தால் என்ன, ஒரு பைக்தானே" என்றீர்கள். ஹபரணையில் அம்மாவைத் தடுத்து "அவள் போவாள்" என்று சொன்ன அதே வாய். பிறகு அதைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த வருடம் ஹிமாலயனுக்குக் காசு அனுப்பினீர்கள். அதற்குத்தான் இந்தக் காசோ என்று யோசித்தேன். அப்படி இல்லாவிட்டால் சொல்லுங்கள், நம்புவேன்.

அனுப்பிய காசில் ஒரு சதமும் தொடவில்லை. இது என் சேமிப்பு. கோபத்தில் செய்தது என்று எடுக்க வேண்டாம். நான் ஒவ்வொரு நாளும் ஏறப் போகிற வண்டி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நானே சேர்த்து வாங்க வேண்டும் என்று இருந்தது. காசை அம்மாவின் கணக்கில் போட்டிருக்கிறேன், முழங்காலுக்குப் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மிச்சத்தை நீங்கள் வரும்போது தருவேன்.

ஓகஸ்டில் வருவதாகச் சொன்னீர்கள். வாருங்கள். கோணேசர் கோயிலுக்குப் போவோம், புல்மோட்டை வரைக்கும் கடற்கரை ரோட்டில் ஒரு நாள் போவோம். ஹெல்மெட்டை அங்கிருந்தே கொண்டு வாருங்கள், என்னிடம் இருப்பது உங்கள் தலைக்குக் காணாது. இந்த ரோட்டுகளில் நீங்கள் ஓடி வருடக்கணக்காகிவிட்டது, அதனால் நான்தான் ஓடுவேன். நீங்கள் பின்னால். அது முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், வான் ஒன்றுக்குச் சொல்லி வைக்கிறேன்.

உங்கள் தங்கை