உள்வாடகைக்குப் போகுமுன் உரிமையாளரின் கையெழுத்தைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வருகிறவர்களும் புதுச்சேரியில் படிக்க வருகிறவர்களும் புரோக்கர் கமிஷன் மிச்சம் என்று உள்வாடகை வீட்டுக்கு, அதாவது ஒரு வாடகைதாரர் தான் எடுத்த வீட்டை இன்னொருவருக்கு வாடகைக்கு விடும் இடத்துக்கு, போகிறார்கள். உள்வாடகை குற்றமில்லை. வீட்டு உரிமையாளருக்குத் தெரியாமல் போவதுதான் சிக்கல்.

2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி (2017), உரிமையாளர் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் தராமல் வீட்டையோ அதில் ஒரு பகுதியையோ வாடகைதாரர் வேறொருவருக்கு விட முடியாது. "ஓனர்கிட்ட சொல்லிட்டேன், ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்பது சம்மதமாகாது. மீறினால் அதுவே காலி செய்யச் சொல்லப் போதுமான காரணம். கடலூர் எல்லையான ஆல்பேட்டையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் வேறு சட்டம்: புதுச்சேரியின் 1969ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அங்கேயும், மூல ஒப்பந்தத்திலேயே (உரிமையாளரும் முதல் வாடகைதாரரும் போட்டது) உரிமை தரப்படாத பட்சத்தில், எழுத்துச் சம்மதம் வேண்டும்.

எனவே முதலில் மூல ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். கடையில் விற்கும் அச்சுப் படிவங்களில் 'உள்வாடகைக்கு விடக் கூடாது' என்ற வரி பெரும்பாலும் இருக்கும். படிக்காமலேயே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். சம்மதக் கடிதத்தில் யாருக்கு, எந்தப் பகுதி, எந்தத் தேதி வரை என்பது இருக்க வேண்டும். அந்தத் தேதி மூல ஒப்பந்தம் முடியும் நாளைத் தாண்டக் கூடாது. பிறகு உள்வாடகை ஒப்பந்தம். தமிழ்நாட்டில் அதன் பின் வாடகைதாரரும் உள்வாடகைதாரரும் சேர்ந்து வாடகை அதிகார அலுவலருக்கு (இந்தச் சட்டத்தின் கீழ் உள்ள அதிகாரி) தெரிவிக்க வேண்டும். 11 மாத ஒப்பந்தம்தானே என்று இதை விட்டுவிடக் கூடாது.

ஊரிலிருந்து வந்த தம்பி கூடத் தங்குவது உள்வாடகை ஆகாது. பணம் வாங்கிக்கொண்டு ஓர் அறையைத் தனிப் பூட்டுச் சாவியோடு முழுதாக ஒப்படைத்தால் ஆகும். நீதிமன்றம் பார்ப்பது அந்த இடம் முழுதாக யார் வசம் இருக்கிறது என்பதைத்தான்.

பணத்துக்கு வருவோம். உள்வாடகைக்காரர் வாடகை பாக்கி வைத்தாலும் சுவரை உடைத்தாலும் உரிமையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் முதல் வாடகைதாரர்தான். உள்வாடகைக்காரர் கொடுத்த அட்வான்ஸும் அந்த முதல் வாடகைதாரரிடமே இருக்கிறது. அவர் காலி செய்து போய்விட்டால் உரிமையாளரிடம் கேட்பது எடுபடாது. ஆகவே பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். கரண்ட் பில்லையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஒரே இணைப்பில் இரு குடும்பம் இருந்தால் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டை எளிதில் தாண்டும். தாண்டியதும் 500-க்குக் கீழே உள்ள யூனிட்களின் கட்டணமும் ஏறிவிடும். பாதிப் பாதி என்ற பேச்சு அந்த மாதமே சண்டையில் முடியும்.

இதைவிட மோசம் போக்கியம், அதாவது மாத வாடகைக்குப் பதில் மொத்தமாக ஒரு பெருந்தொகை கொடுத்துக் குடியிருப்பது. மாத வாடகைக்கு எடுத்த வீட்டைத் தன் வீடு என்று காட்டி, லட்சக்கணக்கில் போக்கியப் பணம் வாங்கிக்கொண்டு மறைகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டு வரி ரசீதும் வில்லங்கச் சான்றும் (சொத்தின் மீதான பதிவுகளைக் காட்டுவது) பாருங்கள். மின் இணைப்பு பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடப்பதுண்டு, அதை மட்டும் நம்ப வேண்டாம். வீட்டைக் காட்டுகிறவர் தரும் போன் நம்பரில் பேசி திருப்தி அடையாமல் உரிமையாளரை நேரில் பாருங்கள்; அக்கம்பக்கத்தில் விசாரித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

சம்மதக் கடிதத்தின் மாதிரியையும் உள்வாடகை அறிவிப்புப் படிவத்தையும் தமிழில் அச்சிட்டு, கடலூரில் வாடகை அதிகார அலுவலகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் ஒட்டி வைக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஆவண எழுத்தர்கள் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.