திருப்புடைமருதூரில் வெடி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் திருநெல்வேலி மாவட்டம் திருப்புடைமருதூரில் நெல்லும் வாழையும் போடுகிற விவசாயி. போன வெள்ளிக்கிழமை எங்கள் நாறும்பூநாதர் கோயிலில் வெளியூர்க்காரர்கள் ஒரு கல்யாணம் நடத்தினார்கள். தாலி கட்டி முடிந்ததும் வெளியே மருத மரத்தடியில் சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். மரத்திலிருந்த நாரைகள் அத்தனையும் ஒரேயடியாக எழும்பின. ஒரு கூடு சரிந்து, மஞ்சள் மூக்கு நாரைக் குஞ்சுகள் இரண்டு விழுந்தன. ஒன்று அங்கேயே செத்துப்போனது. மற்றதைத் துண்டில் பொதிந்து எடுத்தேன். வெள்ளைப் பஞ்சு போன்ற உடம்பு. நெஞ்சு படபடவென்று என் உள்ளங்கையில் அடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் பாதி செரித்த மீன் ஒன்றைக் கக்கியது. காலையில் தாய் ஊட்டியதாக இருக்கும். அப்புறம் வனத்துறை ஆள் வந்து வாங்கிப் போனார்.

கடனாநதி தாமிரபரணியோடு சேருகிற இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். ஊர்ப் பெயரிலேயே மருதம் உண்டு. ஐந்து நிலைக் கோபுரத்துக்குள் மரச் சிற்பங்களும், கப்பலில் குதிரைகள் வந்திறங்கும் பழைய ஓவியமும் இருக்கின்றன. ஆற்றில் வெள்ளம் போனபோது கருவூர்ச் சித்தர் அக்கரையில் நின்றே கூப்பிட, சுவாமி தலை சாய்த்துக் கேட்டார் என்பார்கள். லிங்கம் இன்றும் சாய்ந்துதான் இருக்கிறது. அந்தச் சுவாமிக்குக் கேட்பதற்கு வெடிச் சத்தமா வேண்டும்?

2005ஆம் ஆண்டு இந்த இடத்தைப் பறவைகளுக்கான பாதுகாப்புக் காப்பகமாக (Conservation Reserve) அரசு அறிவித்தது. இந்த வகையில் நாட்டிலேயே இதுதான் முதலாவது. பரப்பு 2.84 ஹெக்டேர், நம் கணக்கில் 7 ஏக்கர். பறவைகளுக்கு எல்லை தெரியுமா? எங்கள் வீட்டுப் புளியமரத்திலும் கூடு கட்டும். பிசான நெல் பருவத்துக்கு வயலைச் சேறாக்கித் தொழி அடிக்கும்போது கொக்குகள் டிராக்டர் பின்னாலேயே நடந்து வரும்.

என் மகள் கல்யாணமும் ஒரு மாசி மாதம்தான். மாப்பிள்ளை வீட்டார் வெடி கொண்டுவந்திருந்தார்கள். "அண்ணாச்சி, மேல பாருங்க, குஞ்சு கெடக்கு" என்றேன். சம்பந்தி அண்ணாந்து பார்த்தார். பெட்டியை அப்படியே வேனில் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டார். சொன்னால் கேட்கிற ஜனங்கள்தான். சொல்லத்தான் ஆளில்லை.

ஆகவே, கோயிலில் கல்யாணத்துக்குப் பதிகிற அன்றைக்கே வெடி கூடாது என்று எழுதி வாங்க வேண்டும். வண்டிகள் ஊருக்குள் திரும்புகிற முக்கிலேயே பெரிய எழுத்தில் பலகை வைக்க வேண்டும். பங்குனியிலும் சித்திரையிலும் கூட்டில் குஞ்சுகள் இருக்கும். அடுத்த முகூர்த்தத்துக்குள் செய்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
திருப்புடைமருதூர்.