சயாமுக்குப் போனவர்களின் பெயர்கள்

பட்டர்வொர்த், பினாங்கு

அன்பு மச்சான்,

மகள் கல்யாணப் பத்திரிகை வந்தது. குடும்பத்தோடு வருகிறோம். சைக்கிள் மாமா இன்னும் எல்லாரையும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார், அதனால் நலம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பாரம்பரியச் சங்கத்தின் கிளை, சுதந்திர மாதமான ஆகஸ்ட்டு வந்தால் கொடி கொடுக்கும், ரத்ததானம் நடத்தும், ஊர் கூடிச் செய்யும் கோத்தோங் ரோயோங் ஒன்று போடும். நல்ல வேலைதான். இந்த வருஷம் நிபோங் திபால் பக்கம் வயசானவர்களுக்கு அரிசி, பருப்பு கொண்டுபோனோம். அங்கே தொண்ணூறைத் தாண்டிய ஒரு பாட்டி மூட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எங்கப்பாவ சயாமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மூணு மாசம்னு சொன்னாங்க. நீங்க சங்கத்துக்காரங்கதானே, அவர் பேர எங்கயாச்சும் எழுதி வைங்க" என்றார்.

அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. 1942-43ல் ஜப்பான்காரன் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்குப் போட்ட அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு நம் தோட்டத்து ஆட்கள் பல்லாயிரம் பேர் போனார்கள். காலரா வந்த முகாம்களில் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். அங்கே காஞ்சனபுரியில், அதே வேலையில் செத்த போர்க் கைதிகள் ஏறக்குறைய 7,000 பேருக்குக் கல்லறை இருக்கிறது. அநேகமாக எல்லாவற்றிலும் பெயர் பொறித்திருக்கிறது. பட்டாளத்துக்காரனைக் கணக்கெடுக்க ரெஜிமெண்ட் இருந்தது. நம் ஆளின் பெயர் இருந்தது செக்ரோல் என்ற தோட்டத்து ஆள்பதிவேட்டில். வெள்ளைக்காரத் துரையே ஓடிப்போன பிறகு அதை யார் கட்டிக் காத்தார்கள்?

கிளைக் கூட்டத்தில் சண்டையே போட்டேன். "அது ஆராய்ச்சிக்காரர் வேலை" என்றார் படகுத்துறை வாத்தியார். தோட்டங்களை விற்றாயிற்று, லயன் வீடுகளை இடித்தாயிற்று, சனங்கள் அடுக்குமாடிகளில் சிதறிக் கிடக்கிறார்கள், அரிசி கொடுக்க வாசல் ஏறும் நாம் கேட்காவிட்டால் யார் கேட்பார்கள் என்றேன். ஒப்புக்கொண்டார்கள். இப்போது மூட்டையோடு ஒரு நோட்டும் போகிறது: பெயர், தகப்பன் பெயர், தோட்டம், கூடப் போனவர்கள், திரும்பி வந்தாரா. பேச்சைப் போனில் பதிகிறோம். எழுதுவது யார் தெரியுமா? அதே வாத்தியார்தான்!

உன் ரவாங் பெரியம்மா தன் அண்ணனைப் பற்றி நம்மிடம் சொன்னாரே, அந்தத் தோட்டத்தின் பெயர் எனக்கு மறந்துவிட்டது. பெரியம்மாவுக்கு இப்போதே பேச்சு குழறுகிறது என்று உன் தங்கை சொன்னாள். கல்யாணம் முடியட்டும் என்று வழக்கம்போல் இழுக்காதே. இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்க் கேட்டு எழுது. அப்புறம், கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய தோட்டச் செக்ரோல்கள் இருக்கின்றனவா, நம்மைப் பார்க்க விடுவார்களா என்றும் விசாரித்துச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்