உன் தம்பியின் அரசியல்

அன்பு மகளுக்கு,

நீயும் தம்பியும் போனில் சண்டை பிடித்துக் கதையை நிறுத்தியதில் இருந்து அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து தவிக்கிறா. அந்தக் கோபத்தை ஆற்றுவதற்காக நான் இதை எழுதவில்லை. அக்கா தம்பி கோபம் தானாகவே தீரும். அவன் சொல்ல வந்ததை நீ கடைசி வரை கேட்கவில்லை, அதற்காகத்தான் எழுதுகிறேன். "உனக்கு யாரோ மூளைச்சலவை செய்துவிட்டார்கள்" என்று சொல்லி நீ போனை வைத்துவிட்டாய். அவனுக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை மகள். பேப்பர் வாசிக்கிறான், செய்தி கேட்கிறான், ரியூசன் வகுப்பில் கேள்வி கேட்கிறான், ராத்திரிச் சாப்பாட்டில் என்னோடு வாதாடுகிறான். ஏ.எல். படிக்கிற வயதில் ஒரு பிள்ளை நாட்டு நடப்பை இவ்வளவு அக்கறையாக எடுப்பது எனக்குப் பெருமைதான், அவன் சொல்வதில் பாதியை நான் ஒத்துக்கொள்வதில்லை என்றாலும்.

தன்னைப் பழமைவாதி என்றுதான் அவன் சொல்லிக்கொள்கிறான். அரசறிவியல் வகுப்பில் பழமைவாதத்தின் தந்தை என்று சொல்கிற எட்மண்ட் பர்க் பற்றிப் படித்த நாளில் இருந்து அந்த மனிதர் எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி. ஆனால் பர்க் வருவதற்கு முன்னமே அவனுடைய அரசியல் தொடங்கிவிட்டது. அது வயலில் தொடங்கியது.

2021 மே மாதம் ஒரே வர்த்தமானியில் இரசாயன உரமும் கிருமிநாசினியும் நாட்டுக்குள் வரக்கூடாது என்று நிறுத்தினார்களே, அந்த வருடம் நீ கொழும்பில் கம்பஸ். பள்ளிக்கூடம் கொரோனாவால் பூட்டிக் கிடந்ததால் தம்பி என்னோடு வெல்லாவெளி வட்டைக்கு, எங்கள் வயலுக்கு, வந்து நின்றான். நவகிரிக் குளத்தில் தண்ணீர் இருந்தது, மழையும் குறைவில்லை. பயிர் மட்டும் வளராமல் மஞ்சளாக நின்றது. நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் பெரும்போகம் விதைத்தாகிவிட்டது, அப்புறம் வந்த உரமும் எங்களால் வாங்கக்கூடிய விலையில் இல்லை. வழமையாக வருவதில் பாதிதான் களத்துக்கு வந்தது. எங்கள் வயலைப் பார்க்கிற முல்லைக்காரனுக்கு அந்தப் போகத்தில் பங்கு என்று கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாமல் நான் நின்றதை அவன் பக்கத்தில் இருந்து பார்த்தான்.

அவன் கேட்பது இதுதான்: சேதனப் பசளை நல்லதாகவே இருக்கட்டும், ஒரு வட்டையில் ஒரு போகம் செய்து பார்த்துவிட்டு நாட்டுக்குச் சட்டம் போட்டிருக்கலாமே? முப்பது நாற்பது வருடம் சேற்றில் நின்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? மேலே இருந்து ஒருவர் ஒரு நல்ல எண்ணத்தோடு எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வெளிக்கிட்டால் கீழே இருப்பவன் சோறில்லாமல் போவான் என்கிறான். இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. உன்னிடம் இருந்தால் எழுது.

உனக்குக் கோபம் வந்தது காலிமுகத்திடல் போராட்டக் கதையில் என்று எனக்குத் தெரியும். 2022 ஏப்ரலில் நீ அங்கே கூடாரத்தில் இருந்தாய். நாங்கள் இங்கே பயந்து கொண்டிருந்தாலும் நீ போனது சரி என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். மண்ணெண்ணெய்க்கு வரிசை, காஸுக்கு வரிசை, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. அதற்கு மேலும் சனம் வீட்டுக்குள் இருந்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. அவனும் அப்படிச் சொல்லவில்லை. 69 லட்சம் வாக்கு எடுத்து ஜனாதிபதியாக வந்த கோட்டாபயவை, பிழையான ஆளாகவே இருந்தாலும், கூட்டம் கூடி வீட்டுக்குள் புகுந்து துரத்தலாம் என்று ஒருமுறை பழக்கிவிட்டால், அடுத்த முறை அந்தக் கூட்டம் யாருடையதாக இருக்கும் என்று கேட்டான். சிறுபான்மைச் சனமாக இருந்துகொண்டு அந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க எனக்கு மனம் வரவில்லை. 1983 இலும் வீடுகளுக்குள் புகுந்தது ஒரு கூட்டம்தான்.

நான் அவனுக்குச் சொன்ன மறுமொழி உனக்கும் பிரயோசனப்படும். ஜூலை 9 இல் சனம் மாளிகைக்குள் போனது உண்மை. ஆனால் கதிரையை நிரப்பியது சனம் இல்லை. ஜனாதிபதி இராஜினாமாச் செய்த பிறகு அரசியலமைப்பில் இருந்தபடியே பாராளுமன்றம் கூடி ஜூலை 20 இல் வாக்கெடுப்பு வைத்தது. ரணில் விக்கிரமசிங்க 134 வாக்கு எடுத்து ஜனாதிபதியானார். போராடியவர்களில் பல பேருக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. என்றாலும் 2024 செப்டம்பர் வரை பொறுத்திருந்து வாக்குச்சீட்டால் மாற்றினார்கள். "நீ காப்பாற்ற வேண்டும் என்கிற ஒழுங்கு அங்கே தப்பிப் பிழைத்துத்தான் இருக்கிறது" என்றேன். அதை அவன் யோசிக்கிறான்.

இனி நீ கேட்காமல் விட்டதைச் சொல்கிறேன்.

அவன் சட்டம், ஒழுங்கு, பொலிஸ் என்று கதைக்கத் தொடங்கியபோது எனக்கும் பொறுமை போனது. ஹாலில் மாலை போட்டிருக்கிற மாமாவின் படத்தைக் காட்டி, "1990 இல் அகதி முகாமில் இருந்து இவரைக் கூட்டிக்கொண்டு போனவர்களும் ஒழுங்கு என்றுதான் சொன்னார்கள்" என்றேன். அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "அப்பா, சட்டம் இருந்திருந்தால் மாமாவை நீதவானுக்கு முன்னால் கொண்டுபோயிருக்க வேணும். எங்க வச்சிருக்கு, என்ன குற்றம் எண்டு எழுத்தில சொல்லியிருக்க வேணும். அது நடக்கல்ல. அதனாலதான் சட்டம் வேணும் எண்டு சொல்றன். துவக்கு வச்சிருந்த எல்லாரும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், தங்கட நியாயம் சட்டத்துக்கு மேல எண்டுதானே நினைச்சாங்க."

இதைத்தான் அவன் உனக்கும் சொல்ல வந்தான். இப்படிச் சொல்கிற பிள்ளையை அதிகாரத்துக்கு ஆலாத்தி எடுக்கிறவன் என்று நினைக்காதே. அதற்குப் பிறகு நான் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். 1979 இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து 1982 இல் நிரந்தரமாக்கிய சட்டம். சட்டமே நீதவானை ஓரம் கட்டினால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அந்தச் சட்டத்தை எடுக்கத்தான் வேண்டும் என்று மறுபேச்சில்லாமல் சொன்னான். நீயும் அதைத்தானே சொல்கிறாய்?

வரி விசயத்தில் அவன் பிழை. அரசாங்கம் குறைவாக வரி எடுத்தால் சனம் தானாக முன்னேறும் என்று எங்கேயோ வாசித்திருக்கிறான். 2019 டிசம்பரில் இங்கே அதைத்தான் செய்தார்கள். பெறுமதி சேர் வரியை 15 வீதத்தில் இருந்து 8 வீதத்துக்கு ஒரேயடியாக இறக்கினார்கள். வருமானம் விழுந்தது, வெளியே கடன் எடுக்க வழி அடைபட்டது, கொரோனாவும் சேர்ந்தது, 2022 ஏப்ரல் 12 இல் கடன் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். இப்போது அதே வரி 18 வீதம், அதுவும் கூலிக்குப் போகிறவன் வாங்குகிற சவர்க்காரத்திலும். "உரத்தடையை ஒரே நாளில் செய்தது பிழை என்றால் வரிக் குறைப்பை ஒரே நாளில் செய்தது எப்படிச் சரி?" என்று கேட்டேன். கொப்பியில் குறித்துக்கொண்டான். மறுமொழி இன்னும் வரவில்லை. நீ பொருளாதாரம் படித்தவள், இதை என்னைவிட நன்றாக விளங்கப்படுத்துவாய்.

ஏழைக் குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற அசுவெசும காசு சனத்தைச் சோம்பேறியாக்கும் என்பதும் அவன் வாயில் வருகிறது. வாகரைப் பக்கம் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் அது நின்றுவிடும். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

வழக்கம், குடிவழி, கோயில் என்று வரும்போதுதான் அவன் எனக்கு மிக நெருக்கமாக வருகிறான், மிகத் தூரமாகவும் போகிறான். இந்த வீடு அக்காவுக்குத்தான் என்று அவன் சின்ன வயதில் இருந்து சொல்வது உனக்குத் தெரியும். மட்டக்களப்பின் பழைய வழக்கமான முக்குவர் சட்டம் இப்போது எந்த நீதிமன்றத்திலும் செல்லாது, எழுதி வைத்தால் யாருக்கும் எழுதலாம் என்று சொன்னாலும் கேட்க மாட்டான். பெண்பிள்ளைக்கு வீடு, தாய்வழியில் குடி, இதுதான் மட்டக்களப்பு என்கிறான். தனக்கு நட்டம் வருகிற இடத்திலும் வழக்கத்தை விடாமல் பிடிக்கிறவனை நான் மதிக்கிறேன். நீயும் மதிக்க வேண்டும் மகள், ஏனென்றால் அந்த வழக்கத்தால் வீட்டு உறுதிப் பத்திரம் வரப்போவது உன் பேரில்.

ஆனால் கோயிலில் எந்தக் குடிக்கு எந்த நாள் திருவிழா, கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் யார், யார் எந்த எல்லை வரை வரலாம் என்பதையெல்லாம் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று சொன்னபோது நான் விடவில்லை. தினமும் கல்லடி உப்போடையில் சுவாமி விபுலாநந்தர் சமாதியைத் தாண்டித்தானே ரியூசனுக்குப் போகிறாய் என்று கேட்டேன். காரைதீவில் பிறந்த அந்த மனிதரைவிடப் பழமையைத் தேடி எடுத்தவர் இந்தக் கரையில் யார்? மறைந்துபோன யாழ் இசையை வருடக்கணக்காக இருந்து ஆராய்ந்தவர். அவர்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது பக்கத்தில் திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட சனத்தின் பிள்ளைகளுக்குப் போய்ப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பர்க்கையும் விடவில்லை. பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்தார் என்று மட்டும் படிக்கிறாய், அதே பர்க் கிழக்கிந்தியக் கம்பனி இந்தியச் சனத்துக்குச் செய்த கொடுமைக்காக வாரன் ஹேஸ்டிங்ஸ் மேல் வழக்கு நடத்தினாரே, 1788 இல் தொடங்கி 1795 வரை இழுபட்ட வழக்கு, அதையும் படி என்றேன்.

முஸ்லிம் சனத்தைப் பற்றி அவன் சொன்னது எனக்கு உண்மையிலேயே நொந்தது. அவரவர் அவரவர் இடத்தில் இருந்தால் பிரச்சினை இல்லை என்றான். 2019 உயிர்த்த ஞாயிறு அன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது அவன் சின்னப் பிள்ளை. அன்று பின்னேரம் முழுக்க அம்மாவின் சேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பயம் எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் அதை வளரவிட முடியாது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகையில் இருந்தவர்கள், அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் எங்கள் சனம், இரண்டு இடத்திலும் குழந்தைப் பிள்ளைகளும் செத்தார்கள் என்று சொன்னேன். அது போதவில்லை. அப்புறம் அவனுடைய வழியிலேயே போனேன். நீ காப்பாற்ற நினைக்கிற இந்த மண்ணின் வழக்கத்தில் அவர்களும் இருக்கிறார்கள்: அங்கேயும் குடி தாய்வழி, அங்கேயும் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுக்கிறார்கள், இந்த ஒற்றுமை யாழ்ப்பாணத்தில் உனக்குக் கிடைக்காது என்றேன். அவனுக்கு அது புதுச் செய்தி. இதைப் பற்றி நீயும் அவனோடு கதைக்க வேண்டும். உன் கம்பஸ் அறைச் சிநேகிதி சம்மாந்துறைப் பிள்ளை, எங்கள் வீட்டில் வந்து நின்ற பிள்ளை. அவன் அவவை அக்கா முறையில் ராத்தா என்றுதான் கூப்பிட்டான், மறந்திருக்க மாட்டான்.

தேர்தல் விசயத்தில் நானும் அவனும் ஒரு பக்கம். 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனம் எடுத்தபோது அவர்கள் முதலாவதாக வராத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. இங்கே தமிழரசுக் கட்சிக்கு மூன்று ஆசனம். அதை அவன் பெரிய வெற்றியாகச் சொல்லித் திரிந்தான். கொண்டாடு, ஆனால் ஒழுங்கு கேட்கிறவன் முதலில் அரசாங்கத்திடம் ஒழுங்கு கேட்க வேண்டும் என்றேன். 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலைக் காசு இல்லை என்று தள்ளிப்போட்டார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 இல் சொன்னது. 2025 மே மாதம்தான் வாக்குப் போட்டோம். கிழக்கு மாகாண சபை 2017 இல் கலைந்தது, அதற்குப் பிறகு ஆளுநர்தான். மயிலத்தமடு மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் றோட்டோரம் குந்தினார்கள். அவர்கள் கேட்டது புதிதாக ஒன்றும் இல்லை, பரம்பரையாக மாடு மேய்த்த தரையை மேய்ச்சலுக்கு விடச் சொல்லித்தான். அதைக் கேட்ட பிறகு அவன் சிநேகிதர்களோடு சித்தாண்டிக்குப் போய் அந்தப் பண்ணையாளர்களோடு இருந்து கதைத்துவிட்டு வந்தான். போராட்டம் என்றாலே கூடாது என்று சொன்ன பிள்ளைதான் மகள்.

சனிக்கிழமைகளில் பின்னேர வகுப்பு முடிந்து ஏழு மணிக்கு வீட்டில் இருப்பான். உனக்கு மெல்பேர்ணில் அது நடுச்சாமம் ஆகிவிடும், அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எடு, எட்டு மணிக்கு முன்னம் எங்கேயும் போக மாட்டான். சுகம் கேட்டு அதோடு வைத்துவிடாதே. வரியில் இருந்து தொடங்கு, அந்தக் கேள்விக்கு அவன் ஆயத்தம் செய்கிறான். அவன் குரல் உயர்ந்தால் நீயும் உயர்த்து, பரவாயில்லை, போனை மட்டும் வைக்காதே. அடுத்த தேர்தலில் அவனுக்கும் வாக்கு இருக்கும். கிராம சேவகரிடம் பெயர் பதிகிற படிவத்தை இப்போதே வாங்கி மேசையில் வைத்திருக்கிறான்.

அம்மாவுக்குப் பிரஷர் குளிசை மாற்றித் தந்திருக்கிறார்கள், சுகமாக இருக்கிறா. நீ அனுப்பிய காசு கிடைத்தது.

அன்புடன்,
அப்பா